கடல் கடந்த குடும்பங்களின் ஆங்கில வேர்: பெயர்ச் சுட்டியா, பங்குப் பதிவேடா, உயிலா?

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸுக்கோ வர்ஜீனியாவுக்கோ கப்பலேறிய ஒருவரின் வழித்தோன்றல்கள், அமெரிக்க ஆவணங்களைக் கொண்டே அந்த முதல் மூதாதையர்வரை பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். மாசசூசெட்ஸை உள்ளடக்கிய வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் ஊர்கள் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைத் தொடக்க காலத்திலிருந்தே எழுதிவைத்தன. நிலப் பத்திரங்களும் நீதிமன்றக் குறிப்புகளும் சபை உறுப்பினர் பட்டியல்களும் அவற்றுக்குத் துணையாக இருக்கின்றன. தடை வருவது கடலின் மறுகரையில்தான். அந்த மூதாதையர் இங்கிலாந்தின் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதை அமெரிக்க ஆவணங்கள் அரிதாகவே சொல்கின்றன. இங்கிலாந்திலோ ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் ஆளுகைக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியான பங்குகள் பத்தாயிரத்துக்கும் மேல் இருந்தன. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிப் பதிவேடு வைத்திருந்தது.

இந்த இடைவெளியைக் கடக்க முயல்வோர் முன் முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. பழைய பதிவுகளைப் பெயர்வாரியாகத் தொகுத்து இணையத்தில் வைத்துள்ள பெயர்ச் சுட்டிகளில் மூதாதையரின் பெயரைத் தேடலாம். ஓர் ஊரை உத்தேசித்துக்கொண்டு அதன் பங்குப் பதிவேட்டை மூலத்திலேயே படிக்கலாம். அல்லது பதிவேட்டைச் சிறிது காலம் ஒதுக்கிவைத்துவிட்டு உயில்களிலிருந்து தொடங்கலாம். இவற்றோடு அச்சான வம்சாவளி நூல்களை நம்புவது, ஊதியம் கொடுத்து ஆய்வாளரை அமர்த்துவது ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் முதல் வழியில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஊரை முதலில் நிறுவிவிட்டு அதன்பிறகே பெயரைத் தேட வேண்டும், ஊரை நிறுவும் ஆற்றல் பதிவேட்டைவிட உயிலுக்கே அதிகம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொரு வழியின் இயல்பையும் வைத்தே விளக்க விரும்புகிறேன்.

முதலில் பதிவேடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538 செப்டம்பரில் பிறப்பித்த ஆணையின்படி, ஒவ்வொரு பங்கின் குருவானவரும் வாரந்தோறும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றாயிற்று. தொடக்கப் பதிவேடுகள் பல காகிதத்தில் எழுதப்பட்டதால் சிதைந்தன. எனவே 1598-இல் அவற்றைப் பதனிட்ட தோலில் படியெடுக்கும்படி உத்தரவு வந்தது. முதல் எலிசபெத் ஆட்சிக்கு வந்த 1558 முதலான பதிவுகளைச் சிறப்பாகக் கவனித்தால் போதும் என்று அதில் ஒரு சலுகையும் இருந்ததால், ஏராளமான பங்குகளின் பதிவேடுகள் இன்று 1558-இலிருந்துதான் தொடங்குகின்றன. 1538-இலிருந்தே தொடர்ச்சியாகக் கிடைப்பவை சில நூறு பங்குகள் மட்டுமே. அப்படிக் கிடைக்கும் பதிவும் மிகச் சுருக்கமானது. ஞானஸ்நானப் பதிவில் குழந்தையின் பெயரும் தந்தையின் பெயரும் இருக்கும். தாயின் பெயர் பல பங்குகளில் எழுதப்படவே இல்லை. திருமணப் பதிவில் மணமக்களின் பெயர்கள் மட்டும் இருக்கும், பெற்றோர் யாரென்று இருக்காது. அடக்கப் பதிவில் பல நேரம் ஒற்றைப் பெயரே மிஞ்சும். இறந்தவர் முதியவரா குழந்தையா என்பதுகூடத் தெரியாது. தந்தையின் தொழிலும் குடியிருப்பும் ஞானஸ்நானப் பதிவில் நாடு முழுவதும் கட்டாயமானது 1813-இல்தான். காலனிக் குடும்பங்களைத் தேடுவோருக்கு அது மிகவும் பிந்திய காலம்.

இவ்வளவு குறைவாகப் பேசும் ஆவணத்தைப் பெயர்ச் சுட்டி இன்னும் குறைத்துவிடுகிறது. ஃபேமிலிசர்ச் தளமும், தன்னார்வலர்கள் நடத்தும் ஃப்ரீரெக் தளமும் கட்டணமின்றிக் கோடிக்கணக்கான பதிவுகளைத் தேடித் தருகின்றன. ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற கட்டணத் தளங்கள் பல மாவட்டங்களின் பதிவேட்டுப் படங்களையும் சேர்த்துத் தருகின்றன. ஒரு குடும்பப்பெயர் எந்தெந்த மாவட்டங்களில் செறிந்திருந்தது என்பதை ஒரு மாலைப் பொழுதில் அறிந்துகொள்ள இவற்றைப்போல உதவுவது வேறில்லை. ஆனால் எந்தச் சுட்டியும் எல்லாப் பங்குகளையும் உள்ளடக்கியதன்று. தேடிய பெயருக்கு ஒரே ஒரு பொருத்தம் கிடைத்தால், அந்தப் பெயரில் ஒருவர்தான் இருந்தார் என்று அது காட்டுவதில்லை. சுட்டியில் ஏறிய பதிவேடுகளில் ஒருவர்தான் இருக்கிறார் என்று மட்டுமே காட்டுகிறது. ஜான், தாமஸ், வில்லியம் ஆகிய மூன்று பெயர்களை ஆண்களில் பெரும்பகுதியினர் பகிர்ந்துகொண்ட சமுதாயத்தில் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

மேஃபிளவர் கப்பலில் 1620-இல் வந்த ஸ்டீபன் ஹாப்கின்ஸின் கதை இங்கே பொருந்தும். அவர் குளோஸ்டர்ஷயரின் வாட்டன்-அண்டர்-எட்ஜ் என்ற ஊரைச் சேர்ந்தவர் என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அங்கே அதே பெயரில் ஒருவர் இருந்தார் என்பதற்கு அப்பால் வலுவான சான்று இல்லை. 1998-இல் வெளியான ஓர் ஆய்வு இதை மாற்றியது. ஹாம்ப்ஷயரின் ஹர்ஸ்லி பங்குப் பதிவேட்டில் ஸ்டீபன் ஹாப்கின்ஸின் மகள் கான்ஸ்டன்ஸ் 1606 மே 11 அன்றும், மகன் கைல்ஸ் 1608 ஜனவரி 30 அன்றும் ஞானஸ்நானம் பெற்ற பதிவுகள் கிடைத்தன. மேஃபிளவரில் தந்தையோடு வந்த மூத்த பிள்ளைகள் இருவரின் பெயர்களும் இவையே. ஸ்டீபன் என்ற பெயர் எங்கும் கிடைக்கலாம். ஸ்டீபன், கான்ஸ்டன்ஸ், கைல்ஸ் என்ற மூன்றும் ஒரே வீட்டில், பொருந்தும் வயதுகளில் சேர்வது எளிதில் நிகழாது. தனி ஒருவரின் பெயரை விட்டு, குடும்பத்தின் பெயர்த்தொகுதியைத் தேடியதால்தான் பதிவேடு அங்கே பேசியது. புலம்பெயரும்போதே மணமாகிப் பிள்ளைகளோடு வந்தவர் உங்கள் மூதாதையர் என்றால், அதிலும் பிள்ளைகளில் ஒருவருக்காவது அருகிய பெயர் இருந்தால், பெயர்ச் சுட்டியிலிருந்து தொடங்குவதை நானும் பரிந்துரைப்பேன். இருபது வயதில் தனியாக வந்த ஜான் ஸ்மித் ஒருவருக்கு அந்த வழி உதவாது.

இரண்டாவது வழி, பதிவேட்டை மூலத்திலேயே படிப்பது. நூறாண்டைக் கடந்த பதிவேடுகளைப் பொதுவாக மாவட்ட ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 1978-இல் இங்கிலாந்துத் திருச்சபை விதி செய்ததால், இன்று அவை பெரும்பாலும் காப்பகங்களிலேயே இருக்கின்றன. எசெக்ஸ் காப்பகம் போன்றவை தம்மிடமுள்ள பதிவேடுகளின் படங்களைக் கட்டணத்துக்கு இணையத்திலும் வைத்திருக்கின்றன. மூலத்தைப் படிப்பதன் பயன், தேடிய பதிவு கிடைப்பதோடு முடிவதில்லை. அதைச் சுற்றியுள்ள பதிவுகளும் கிடைக்கின்றன. பொருத்தமான ஞானஸ்நானம் ஒன்று கிடைத்ததும், அந்தக் குழந்தை அதே பங்கில் சிறுவயதிலேயே அடக்கம் செய்யப்பட்டதா என்று அடக்கப் பதிவுகளை ஆண்டுவாரியாகப் பார்க்க வேண்டும். குழந்தை இறந்தால் அடுத்துப் பிறந்த குழந்தைக்கு அதே பெயரை இடும் வழக்கம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. அடுத்து, அந்தப் பெயருடையவர் வளர்ந்து அதே ஊரில் மணம்முடித்து, உங்கள் மூதாதையர் மாசசூசெட்ஸில் வாழ்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அங்கே பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தாரா என்றும் பார்க்க வேண்டும். இந்த இரண்டு சோதனைகளையும் பெயர்ச் சுட்டியை மட்டும் வைத்துச் செய்ய முடியாது. இணையத்தில் உலவும் ஆங்கில வம்சாவளிகளில் பல இவற்றில் தேறாமல் போவதற்குக் காரணம், எழுதியவர்கள் அவற்றைச் செய்யாததுதான்.

மூலத்தைப் படிக்க வேறு சில தயாரிப்புகளும் தேவை. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுக் கையெழுத்துமுறை இன்றைய ஆங்கில எழுத்தைப் படிப்பவருக்கு முதலில் புரியாது. பல பதிவுகள் லத்தீனில் இருக்கும். ஆண்டுக்கணக்கு இன்னும் பெரிய பொறி. 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25 அன்று தொடங்கியது. பிளிமத் காலனியின் ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்ட், யார்க்ஷயரின் ஆஸ்டர்ஃபீல்டில் மார்ச் 19 அன்று ஞானஸ்நானம் பெற்றார். அக்காலக் கணக்கில் அது 1589, நம் கணக்கில் 1590. ஏப்ரல் 1620-இல் திருமணம், பிப்ரவரி 1620-இல் முதல் குழந்தை என்று பதிவேடு சொன்னால், குழந்தை பிறந்தது திருமணத்துக்குப் பத்து மாதம் பின்னரே. இதை அறியாமல் பொருத்தமான குடும்பத்தையே விலக்கிவிடுவோர் உண்டு. சுட்டிகளில் சில தேதிகள் இன்றைய முறைக்கு மாற்றப்பட்டும் சில மாற்றப்படாமலும் கிடப்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

பதிவேடு தொலைந்துபோன பங்குகளுக்கு ஒரு மாற்று உண்டு. 1598-க்குப் பின் ஒவ்வொரு பங்கும் ஆண்டுதோறும் தன் பதிவுகளின் நகலைப் பிஷப்பின் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மூலம் அழிந்த இடத்தில் இந்த நகலே முழுச் சான்று; மூலம் இருக்கும் இடத்திலும், அதில் விடுபட்ட பெயர் நகலில் இருப்பதுண்டு. ஆனால் லண்டன் மறைமாவட்டத்தில் இத்தகைய நகல்கள் பெரும்பாலும் 1800-ஐ ஒட்டிய காலத்திலிருந்துதான் கிடைக்கின்றன. நியூ இங்கிலாந்துக்கு ஏராளமானோரை அனுப்பிய எசெக்ஸ் அப்போது அந்த மறைமாவட்டத்தில் இருந்ததால், எசெக்ஸ் குடும்பங்களைத் தேடுவோருக்கு இந்த மாற்று அநேகமாக இல்லை. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1642 முதல் முடியாட்சி மீண்ட 1660 வரையிலான காலமோ நாடு முழுவதற்கும் பொதுவான பள்ளம். குருமார்கள் விரட்டப்பட்டனர், பல பதிவேடுகள் எழுதப்படவே இல்லை, 1653-க்குப் பின் திருமணங்கள் குருவானவரிடமிருந்து நீதிபதிகளிடம் போயின. அந்த ஆண்டுகளில் பிறந்து வர்ஜீனியாவுக்குப் போனவரைப் பதிவேட்டில் மட்டும் தேடுவது பெரும்பாலும் வீண் உழைப்பாகிவிடும்.

இங்கேதான் உயிலின் வலிமை தெரிகிறது. ஞானஸ்நானப் பதிவு ஒரு நாளை மட்டும் காட்டும். உயிலோ ஒரு குடும்பத்தின் உறவுமுறையையே விரித்துக் காட்டும். மகன்கள், மணமான மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள், ஞானப்பிள்ளைகள் என்று அதில் பெயர்கள் வரிசையாக வரும். சில உயில்கள் 'இப்போது நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் மகன்' என்று எழுதி, கடலின் இரு கரைகளையும் ஒரே வரியில் இணைத்துவிடும். பங்குப் பதிவேடு தன் ஊர் எல்லையைத் தாண்டிப் பேசாது. அமெரிக்காவுக்குப் போனவரைப் பற்றி அதில் பொதுவாக ஒரு சொல்லும் இருக்காது.

ஜார்ஜ் வாஷிங்டனின் வம்சாவளியே இதற்குச் சிறந்த சான்று. 1790களில் இங்கிலாந்தின் அரசுக் குலச்சின்ன அதிகாரி ஐசக் ஹெர்ட், வர்ஜீனியாவில் குடியேறிய ஜான், லாரன்ஸ் வாஷிங்டன் சகோதரர்களை நார்த்தாம்டன்ஷயரின் சல்கிரேவ் குடும்பத்தில் அதே பெயர்களில் இருந்த இரு சகோதரர்களோடு பொருத்தினார். பெயரும் பொருந்தியது, குடும்பமும் பொருந்தியது. ஆயினும் 1860களில் ஜோசப் செஸ்டர் என்ற ஆய்வாளர், அந்த ஜான் 'சர்' பட்டம் பெற்றவர் என்பதையும், அந்த லாரன்ஸ் குருவானவர் என்பதையும், எனவே அவர்கள் வர்ஜீனியாவின் சகோதரர்களாக இருக்க முடியாது என்பதையும் காட்டினார். உண்மையான இணைப்பை 1889-இல் வெளியிட்டவர் ஹென்றி ஃபிட்ஸ்கில்பர்ட் வாட்டர்ஸ். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் டிரிங் என்ற ஊரில் ஆண்ட்ரூ நோலிங் என்பவர் எழுதிவைத்த உயிலில், ஆம்ஃபிலிஸ் வாஷிங்டனும் அவருடைய பிள்ளைகளும் பெயர் பெயராகக் குறிக்கப்பட்டிருந்தனர். அவர்களில் ஜான், லாரன்ஸ், மார்த்தா என்ற பெயர்கள் இருந்தன. வர்ஜீனியாவின் ஜான் 1675-இல் எழுதிய உயில் தன் சகோதரி மார்த்தாவுக்குப் பணம் ஒதுக்கியிருந்தது. ஆம்ஃபிலிஸ் இறந்தபின் அவருடைய சொத்தை நிர்வகிக்கும் உரிமை மகன் ஜானுக்கு வழங்கப்பட்டிருந்தது. ஆம்ஃபிலிஸின் கணவர், எசெக்ஸின் பர்லீ என்ற ஊரில் குருவானவராக இருந்து உள்நாட்டுப் போரின்போது பதவி நீக்கப்பட்ட லாரன்ஸ் வாஷிங்டன். ஹெர்ட் சகோதரனாகக் கொண்ட அதே குருவானவர் உண்மையில் தந்தை.

இதில் பங்குப் பதிவேடு செய்தது என்ன? டிரிங் பதிவேட்டில் மகன் லாரன்ஸின் ஞானஸ்நானம் 1635 ஜூன் 23 அன்று இருக்கிறது. வேறு இரு பிள்ளைகளின் பதிவுகளும் இருக்கின்றன. ஆனால் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவருக்கு நேர் மூதாதையரான ஜானின் ஞானஸ்நானப் பதிவு கிடைக்கவில்லை. பதிவேட்டை மட்டும் நம்பியிருந்தால் இந்தக் குடும்பத்தை யாராலும் நிறுவியிருக்க முடியாது. உயில் ஊரைக் காட்டியது. அதன்பின் பதிவேடு தன்னிடம் இருந்ததைக் கொண்டு அதை உறுதிசெய்தது. ஜான் ஹார்வர்டின் பூர்வீகத்தையும் வாட்டர்ஸ்தான் 1880களில் உயில்களைக் கொண்டு கண்டறிந்தார். பல்கலைக்கழகமே பெயர் தாங்கி நின்றபோதிலும், அவர் சதர்க் பகுதிக் கசாப்புக்காரர் ராபர்ட்டின் மகன் என்பதும், 1607 நவம்பர் 29 அன்று அங்குள்ள செயின்ட் சேவியர் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார் என்பதும், மூன்று முறை மணந்த அவருடைய தாய் கேத்தரினின் உயிலைப் போன்ற ஆவணங்கள் வெளிவரும்வரை உலகுக்குத் தெரியாமலே இருந்தன.

நடைமுறையிலும் உயிலிலிருந்து தொடங்குவது கடினமன்று. 1858-க்கு முன் உயில்களை மெய்ப்பித்தவை திருச்சபை நீதிமன்றங்கள். அவற்றில் உயர்ந்ததான கேன்டர்பரி நீதிமன்றத்தின் உயில் பதிவுகளைக் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பெயரைக் கொண்டு தேடலாம். கீழ்நீதிமன்ற உயில்கள் பெரும்பாலும் மாவட்டக் காப்பகங்களில் இருக்கின்றன. தேடும்போது மூதாதையரின் குடும்பப்பெயரோடு நின்றுவிடாமல், அமெரிக்காவில் அவருக்குப் பக்கத்து நிலத்தை வாங்கியவர்கள், ஒரே கப்பலில் வந்தவர்கள், அவருடைய உயிலுக்குச் சாட்சியிட்டவர்கள் ஆகியோரின் பெயர்களையும் தேட வேண்டும். நியூ இங்கிலாந்துக்குக் குடியேறியவர்கள் பல நேரங்களில் ஒரே குருவானவரைப் பின்பற்றி, அண்டை ஊர்களிலிருந்து கூட்டமாக வந்தவர்கள். ஒருவரின் ஊர் தெரிந்தால் அடுத்தவரின் ஊருக்கு வழி கிடைக்கும்.

உயிலுக்கும் எல்லை உண்டு, அது சமூக எல்லை. சொத்து இல்லாத கூலியாள் உயில் எழுதவில்லை. மணமான பெண் கணவனின் இசைவின்றி எழுத முடியாது. வர்ஜீனியாவுக்கும் பார்படோஸுக்கும் சில ஆண்டு ஊழிய ஒப்பந்தத்தில் போன ஏழை இளைஞர்களின் குடும்பங்களைத் தேடுவோர், உயிலைவிட ஒப்பந்தப் பதிவுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிரிஸ்டல் நகராட்சி 1654 முதல் 1686 வரை வைத்திருந்த பதிவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் இருக்கிறார்கள். அதன் முற்பகுதியில் பலருக்குச் சொந்த ஊரும் தொழிலும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஊரின் பங்குப் பதிவேடுதான் அவர்களைப் பற்றிக் கிடைக்கும் அடுத்த சான்று, பெரும்பாலும் கடைசிச் சான்றும் அதுவே. எளியவர்களையும் விடாமல் எழுதிவைத்த ஒரே ஆவணம் என்பதால், பதிவேட்டின்மீது எனக்குள்ள மதிப்பு மிகப் பெரியது.

அச்சான வம்சாவளிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1620க்கும் 1640க்கும் இடையில் ஏறத்தாழ 20,000 பேர் நியூ இங்கிலாந்துக்குக் குடியேறினர். அவர்களைக் குடும்பம் குடும்பமாக ஆராயும் பெருமுயற்சி ஒன்று, 1845-இல் பாஸ்டனில் தொடங்கப்பட்ட நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கத்தின் ஆதரவில் 1988 முதல் நடந்து வருகிறது. உங்கள் மூதாதையர் அந்தத் தொகுதிகளில் இருந்தால், வேறெதையும் செய்யுமுன் அதைப் படியுங்கள். பூர்வீகம் நிறுவப்படாதவர்களை அப்படியே வெளிப்படையாகச் சொல்லும் நேர்மை அதில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வெளிவந்த அழகிய தோலட்டைக் குடும்ப வரலாறுகளை அதே நம்பிக்கையோடு எடுக்கக் கூடாது. குஸ்தாவ் அஞ்சூ என்பவர் செல்வந்தக் குடும்பங்களுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட வம்சாவளிகளைத் தயாரித்து, அவற்றில் இல்லாத பதிவுகளையும் இல்லாத உறவுகளையும் புகுத்தினார். அவை இன்னும் இணையத்திலுள்ள குடும்ப மரங்களில் படியெடுக்கப்பட்டு வருகின்றன.

ஆய்வாளரை அமர்த்துவது செலவுள்ள வழி. ஊர் தெரியாத நிலையில் அது தவறான முதலீடு. இங்கிலாந்து முழுவதிலும் ஒரு பெயரைத் தேடித் தாருங்கள் என்று கேட்பதைவிட, குறிப்பிட்ட இரண்டு மூன்று பங்குகளின் பதிவேடுகளையும் நகல்களையும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் படித்து, கிடைத்தவற்றோடு தேடியும் கிடைக்காதவற்றையும் எழுதித் தாருங்கள் என்று கேட்பதே சரியானது. பழைய கையெழுத்திலும் லத்தீனிலும் பயிற்சி இல்லாதவருக்கு அந்தக் கட்டத்தில் அது தகுந்த செலவு.

சென்னையோடு தொடர்புள்ள ஆங்கிலக் குடும்பங்களைத் தேடுவோருக்கு இந்த ஒப்பீடு ஓரளவு மாறுகிறது. 1649-இல் பாஸ்டனில் பிறந்து, சிறு வயதிலேயே இங்கிலாந்து போய், 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல், 1680 நவம்பரில் கோட்டையின் செயின்ட் மேரி ஆலயத்தில் மணமுடித்தார். சில நாட்களுக்கு முன்பே அர்ச்சிக்கப்பட்ட அந்த ஆலயத்தில் நடந்த முதல் திருமணம் அது. சென்னை மாகாணத்தின் ஆலயப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்திலும் அவற்றைப் பார்க்கலாம். அந்தப் பதிவுகளும் மணமகன் இங்கிலாந்தில் எந்த ஊர் என்று பொதுவாகச் சொல்வதில்லை. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஊழியர்களைப் பற்றி வைத்திருந்த ஆவணங்கள், நியூ இங்கிலாந்துக் குடும்பங்களுக்குக் கிடைக்காத ஒரு வசதியைத் தருகின்றன. எழுத்தர் பதவிக்கு விண்ணப்பித்தவர்களின் மனுக்கள் 1749 முதலும், படை அதிகாரிப் பயிற்சிக்கு வந்தவர்களின் தாள்கள் 1789 முதலும் அங்கே பாதுகாக்கப்பட்டுள்ளன. வயதை நிறுவுவதற்காக அவற்றோடு சொந்த ஊர்ப் பங்குப் பதிவேட்டிலிருந்து எடுத்த ஞானஸ்நானச் சான்று பெரும்பாலும் இணைக்கப்பட்டிருக்கும். எனவே மூதாதையர் கம்பெனியின் எழுத்தராகவோ அதிகாரியாகவோ இருந்தால் உயிலுக்கும் முன்பாக இந்தத் தாள்களைப் பார்க்க வேண்டும். சாதாரணச் சிப்பாயாக இருந்தால், பிறந்த ஊரைப் பல நேரம் குறித்துவைத்துள்ள படைப் பதிவேடுகளையும் கப்பலேற்றப் பட்டியல்களையும் பார்க்க வேண்டும். அங்கே ஊர் கிடைத்த பிறகு, முன்சொன்ன இரண்டு சோதனைகளோடு அந்த ஊரின் பதிவேட்டைத் திறக்கலாம்.